மரந்தறிப்பு, கொப்பு வெட்டு, ஓய்வு நேரத்தில விண் பட்டம்: 19 வருசத் தொழில்காரன் எழுதுறன்

கொப்புக்காரன் (கோப்பாய், யாழ்ப்பாணம்) | ஒக்டோபர் 9

வணக்கம். போன கிழமை இஞ்ச ஒருத்தர் "நல்ல மரந்தறிக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ" எண்டு கேட்டிருந்தவர். வந்த பதில் எல்லாம் ஆர் மலிவு எண்டதுதான். தொழிலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்லை. அதுதான் நான் எழுத வந்தனான்.

எனக்கு 43 வயது. அப்பு கள்ளுச் சீவல் தொழில் செய்தவர். காலமையும் பின்னேரமும் பனை பனையா ஏறி இறங்கினவர். தளைநாரைக் காலில மாட்டி, நெஞ்சைப் பனையோட அணைச்சு ஏறுற விதத்தை எனக்குச் சின்னனிலேயே காட்டித் தந்தவர். ஆனா தொழிலைக் கையில தரேல்லை, "நீ படி" எண்டுதான் சொன்னவர். 1995 ஒக்டோபர் சண்டை இடப்பெயர்வோட அந்தப் படிப்பும் குழம்பிப் போச்சு. பள்ளிக்கூடத்தில "மரமேறி" எண்டு கூப்பிட்டவங்கள். அந்தச் சொல் அப்ப நெஞ்சில குத்தினது, இண்டைக்கும் சிலபேர் அதே குரலிலதான் சொல்லுகினம். பனையின்ர தலையில, வட்டுக்குள்ள நிண்டு, ஒரு கையால பாளையைப் பிடிச்சு மற்றக் கையால மெலிசாச் சீவுற அந்தப் பக்குவத்தைப் பக்கத்தில நிண்டு பாத்தவன் அதை வசவாச் சொல்ல மாட்டான்.

என்ர வேலை பனையோட நிக்கேல்லை. வேம்பு, மா, பலா, புளி, பூவரசு, தென்னை எல்லாத்திலயும் ஏறுறன். வீட்டுக்கு மேல சரிஞ்ச கொப்பைக் கயிறு கட்டி இறக்கிறது, பட்ட மரத்தைத் துண்டு துண்டாத் தறிச்சு இறக்கிறது, தென்னை வட்டுத் துப்புரவு, மாமரத்தில ஒட்டி வளருற குருவிச்சைச் செடியை எடுக்கிறது. என்னோட இன்னும் ரண்டு பேர். ஒராள் கீழ நிண்டு கயிறு விடுவார், மற்றவர் குழையையும் விறகையும் லாண்ட்மாஸ்டரில (ரண்டு சில்லு உழவு மெசின் பெட்டியில) ஏத்துவார். குழை ஆடு வளக்கிற ஆக்களுக்கும், தோட்டத்துக்குப் பசளையாத் தாழ்க்கிற ஆக்களுக்கும் போகும்.

என்னைக் கூப்பிடுற ஆக்களில பாதிக்கு மேல சொல்லுறது ஒரே கதை: "தம்பி, மொட்டையடிச்சு விடும்." இதைக் கேக்கேக்குள்ள எனக்கு வயிறு எரியும். மரத்தின்ர தலையைக் கொண்டுபோனா, அது பசியில அந்த வெட்டைச் சுத்தி ஒரேயடியாப் பத்துப் பதினைஞ்சு தளிரை விடும். நீங்கள் "பாத்தியோ, வடிவாத் துளிர்க்குது" எண்டு சந்தோசப்படுவியள். அந்தத் தளிர் ஒண்டும் மரத்தின்ர உள்ளுக்கிருந்து வாறேல்லை, பட்டையோட மேலால ஒட்டிக்கொண்டுதான் நிக்கும். வெட்டின வாயால தண்ணி இறங்கி உள்மரம் உக்கும். அஞ்சாறு வருசத்தில அந்தத் தளிர் ஒவ்வொண்டும் தொடை மொத்தத்துக்கு வந்து, உக்கின வாயில நிண்டு ஆடும். மாரிக் காத்துக்கு உங்கட ஓட்டுக்கு மேல விழுறது அதுதான். பிறகு மரத்தைப் பேசுவியள்.

ஆவணி, புரட்டாதியில கூப்பிடுங்கோ. கார்த்திகையில மழையும் காத்தும் தொடங்கினாப் பிறகு ஒரு நாளில இருபது பேர் எடுப்பினம். ஈர மரத்தில நான் ஏற மாட்டன்.

கேள்வி இருந்தாக் கேளுங்கோ.


மானிப்பாய் அக்கா | ஒக்டோபர் 9

தம்பி, நீங்கள் எழுதினது எனக்காக எழுதினது போல கிடக்கு. எங்கட முன் வளவில ஒரு வேம்பு. அம்மா வைச்சது, 40 வருசத்துக்கு மேல. ரண்டு வருசமா உச்சி இலை ஐதாப் போச்சு, நுனிக் கொப்பு ரண்டு மூண்டு பட்டும் போச்சு. கனடாவில இருக்கிற அண்ணா மார்கழியில வாறார். "மரம் வீட்டுக்கு மேல விழப்போகுது, நான் வர முன்னம் அடியோட தறிச்சு விடு" எண்டு நிக்கிறார். காசும் அனுப்பிப் போட்டார். எனக்கு மனம் வருதில்லை. அம்மாவின்ர கடைசிக் காலம் முழுக்க அந்த நிழலிலதான் கதிரை போட்டு இருந்தவ. மரத்தைக் காப்பாத்த வழி இருக்கோ, இல்லாட்டி நான்தான் ஆசைப்படுறனோ?


கொப்புக்காரன் | ஒக்டோபர் 9

அக்கா, தறிக்கச் சொல்லி ஒருத்தருக்கும் இன்னும் சொல்லாதேங்கோ. நாலு விசயம் பாத்துச் சொல்லுங்கோ.

அடிமரத்தில, மண்ணோட ஒட்டின இடத்தில தட்டுத் தட்டாக் காளான் முளைச்சிருக்கோ? காத்து அடிக்கேக்குள்ள ஒரு பக்க மண் தூக்கி இறங்குதோ? அடிமரத்தை மரச்சுத்தியலால தட்டினாப் பறை மாதிரிச் சத்தம் வருதோ? கடைசியா, இந்த மூண்டு நாலு வருசத்துக்குள்ள மரத்தைச் சுத்தி ஏதும் கட்டினீங்களோ, வெட்டினீங்களோ? மதில் அத்திவாரம், தண்ணிக் குழாய், சீமெந்துத் தரை, என்னெண்டாலும்.


மானிப்பாய் அக்கா | ஒக்டோபர் 10

காளான் இல்லை. மண் தூக்கிறதும் இல்லை. தட்டிப் பாத்தன், கட்டிச் சத்தம்தான். ஆனா மூண்டு வருசத்துக்கு முன்னம் முன் வளவு முழுக்க இன்டர்லொக் கல்லுப் பதிச்சனாங்கள். மரத்தின்ர அடி வரைக்கும். அதுக்கு முதல் மண்ணை வெட்டி எடுத்து, கல்லுத்தூள் கொட்டி மெசினால இடிச்சவை.


லண்டன் தம்பி | ஒக்டோபர் 10

அண்ணை, இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். நான் இணுவில், இப்ப தென் லண்டனில இதே தொழில்தான். அக்காவின்ர கல்லுக் கதையைக் கேட்ட உடன எனக்கு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில நிக்கிற ஒரு ஓக் மரம் ஞாபகம் வந்தது. 1798இல நட்ட மரம், ரேணர் ஓக் எண்டு பேர். 1980களில அது இலை சுருங்கி, ஐதாகி, சாகப்போற மரம் மாதிரி நிண்டது. 1987 ஒக்டோபர் 15 இரவு தென் இங்கிலாந்தில பெரிய புயல். ஒன்றரைக் கோடி மரம் விழுந்தது எண்டு சொல்லுவினம். அந்தப் புயல் இந்த ஓக்கை வேரோட மேல தூக்கி, திரும்ப அதே குழிக்குள்ள வைச்சுது. விழுந்த மற்ற மரங்களைத் துப்புரவாக்க வருசக்கணக்காப் போனதால இதை முண்டு குடுத்து அப்பிடியே விட்டுட்டினம். தறிக்க எண்டு மூண்டு வருசம் கழிச்சு வந்து பாத்தா மரம் செழிச்சு நிக்குது!

சனம் நூறு வருசத்துக்கு மேல அடியில நடந்து நடந்து மண்ணை இறுக்கிப் போட்டுது. வேருக்குக் காத்தும் இல்லை, மழைத்தண்ணியும் இறங்கேல்லை. புயல் அந்த மண்ணை ஒரு உலுப்பு உலுப்பி விட்டது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு கியூவில காத்தை மண்ணுக்குள்ள அடிச்சு இளக்கிற மெசின் வைச்சு மற்ற முதுமரங்களுக்கும் வைத்தியம் செய்யினம். கால் மிதிச்சதுக்கே அந்தப் பாடு எண்டா, மெசின் வைச்சு இடிச்சா?


கொப்புக்காரன் | ஒக்டோபர் 10

தம்பி, இதை எழுதினதுக்கு நன்றி. அக்கா, உங்கட வேம்புக்கு மூச்சு முட்டுது.

எங்கட வலிகாமம் பக்கம் மண் ஒரு போர்வை மாதிரித்தான். கனக்க இடத்தில ரண்டு மூண்டு அடி செம்மண், அதுக்குக் கீழ சுண்ணாம்புக் கல். வேர் ஆழத்துக்குப் போக ஏலாமல் பக்கவாட்டில பரவும். சாப்பாட்டு வேரெல்லாம் மேல் ஒரு அடிக்குள்ளதான் நிக்கும். நீங்கள் வெட்டி எடுத்தது அந்த ஒரு அடியைத்தான். மிச்சத்தை இடிச்சு மூடிப்போட்டினம். வெளிநாட்டுக் காசில கட்டுற வீடு கூடக் கூட இந்த வருத்தம் எனக்குக் கூடக் கண்ணில படுது. கல்லுப் பதிச்ச முதல் வருசம் ஒண்டும் தெரியாது. மூண்டாம் வருசம் உச்சி காயும். மரத்துக்கு நோய் எண்டு என்னைக் கூப்பிடுவினம்.

கல்லைக் கிளப்புங்கோ. கொப்பு எவ்வளவு தூரம் பரந்திருக்கோ அவ்வளவு தூரமும் கிளப்பினா நல்லம். கார் நிப்பாட்ட இடம் வேணுமெண்டா படலைப் பக்கத்தை விடுங்கோ. கல்லுத்தூளை அள்ளிப்போட்டு, இறுகின மண்ணைத் தோட்டத்து இரும்பு முள்ளால மெதுவாக் குத்தி இளக்கோணும், மம்பட்டி போட்டுக் கொத்தினா மிச்ச வேரும் போகும். மேல காஞ்ச இலையும் உக்கின குழையும் நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கோ. அடிமரத்தோட முட்ட வைக்கக் கூடாது, பட்டை அழுகும்.

அண்ணா பயப்பிடுற கொப்பு எது எண்டு நான் வந்து பாக்கிறன். வீட்டுக்கு மேல நிக்கிற பட்ட கொப்பை மட்டும் எடுப்பம்.


பழைய தோட்டக்காரன் | ஒக்டோபர் 11

எனக்கு 71 வயது, சுன்னாகம். தம்பி எழுதுறதை வாசிச்சு வாறன், நல்லாக் கிடக்கு. ஆனா எங்கட காலத்து விசயங்களையும் சொல்லோணும். கொப்பு வெட்டினா வெட்டு வாயில பசுஞ்சாணி அப்புவம். மரத்தில பொந்து விழுந்தா சீமெந்து போட்டு அடைப்பம். என்ர ஐயா அடைச்ச இலுப்பை 20 வருசம் நிண்டது. மரம் தறிக்கிறதெண்டா தேய்பிறை பாத்துத்தான், வளர்பிறையில தறிச்ச மரத்தை உளு குத்தும். இதையெல்லாம் நீங்கள் விட்டிட்டியளோ?


கொப்புக்காரன் | ஒக்டோபர் 12

ஐயா, உங்கட கேள்விக்கு ஆறுதலா எழுதோணும் எண்டு நேற்று எழுதேல்லை. இண்டைக்கு மழைக் குணம், வேலை இல்லை.

தேய்பிறையை நான் விடேல்லை. பலகைக்கு எண்டு தறிக்கிற மரத்துக்கு அப்பு அப்பிடித்தான் செய்தவர், நானும் செய்யிறன். தறிக்க முன்னம் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, "இருக்கிற சீவன் எல்லாம் விலகிப் போங்கோ" எண்டு சொல்லுவார். நானும் சொல்லிப்போட்டு, உண்மையாவே கூடு இருக்கோ எண்டு சுத்திப் பாப்பன். பனையில தொங்குற ஓலையின்ர அடிப்பக்கத்தில பனை உழவாரன் எச்சிலால ஒட்டி வைச்ச கூடு இருக்கும், உள்ளங்கையளவு கூட இல்லை. முட்டை இருந்தா அந்த ஓலையை விட்டிட்டு மற்றதை வெட்டுவன். மொட்டைப்பனைப் பொந்தில கிளி குஞ்சு பொரிக்கும். வீட்டுக்கோ ரோட்டுக்கோ எட்டாத மொட்டைப்பனையைத் தறிக்கச் சொன்னா நான் மாட்டன் எண்டு சொல்லி வந்திருக்கிறன்.

சீமெந்து விசயத்தில உங்களோட ஒத்துப்போக மாட்டன். மரம் காத்துக்கு வளையும், சீமெந்து வளையாது. ஆடுற ஒவ்வொரு தரமும் உள்ளுக்க உரஞ்சும், ரண்டுக்கும் இடையில தண்ணி நிக்கும், கறையானும் புகும். உங்கட ஐயாவின்ர இலுப்பை 20 வருசம் நிண்டது இலுப்பையின்ர வைரத்தால. நான் தறிச்ச ஒரு புளிக்குள்ள ஆரோ முந்தி சீமெந்து போட்டிருந்தவை. மேலால பட்டை மூடி வெளியில ஒண்டும் தெரியேல்லை. செயின் சோ அதில போய் அடிச்சு, சங்கிலி அறுந்து என்ர முகத்துக்குப் பக்கத்தால போனது.

வெட்டு வாயில அப்புற சாணியும் சிலபேர் பூசுற தாரும் ஒண்டுதான், மரத்துக்கு உதவாது. அமெரிக்காவில அலெக்ஸ் ஷைகோ எண்டு ஒரு ஆராய்ச்சிக்காரர் ஆயிரக்கணக்கான மரத்தை நெடுக்கா அரிஞ்சு பாத்துச் சொன்ன விசயம் இது. எங்கட தோல் காயம் ஆறுற மாதிரி மரம் ஆறாது. கெட்டுப்போன பகுதியைச் சுத்திச் சுவர் கட்டி, அதை உள்ளுக்க அடைச்சு விட்டிட்டு, புதுமரத்தை வெளியால வளக்கும். அந்தச் சுவரைக் கட்டுற இடம் கொப்பின்ர கழுத்து. கொப்பு அடிமரத்தில சேருற இடத்தில ஒரு தடிப்பு, சுருக்கம் விழுந்த வளையம் மாதிரி இருக்கும், பாருங்கோ. அதைக் கடந்து உள்ளுக்க வெட்டினா மரத்தின்ர கையைத் தோளோட பிடுங்கினதுக்குச் சமன். ஒரு முழம் விட்டு வெட்டினா அந்தக் கட்டை பட்டு, உக்கி, உள்ளுக்க வழி விடும். கழுத்துக்கு வெளியால, ஒட்டினாப்போல வெட்டோணும்.

பாரமான கொப்பெண்டா மூண்டு வெட்டு. முதல், கழுத்தில இருந்து ஒரு முழம் தள்ளிக் கீழால மூண்டில ஒரு பங்கு. அதுக்குக் கொஞ்சம் வெளியால மேலால ரண்டாவது. கொப்பு முறிஞ்சு விழேக்குள்ள கீழ் வெட்டோட நிண்டிடும், பட்டையை அடிமரம் வரைக்கும் உரிச்சுக்கொண்டு போகாது. பேந்து மிச்சக் கட்டையைக் கழுத்தில எடுக்கிறது. இந்த ஒண்டைத் தெரிஞ்சாலே எங்கட ஊர் மாமரத்தில பாதி தப்பும்.

குருவிச்சைக்கும் இதே கதை. பூக்கொத்திக் குருவி பழத்தைத் திண்டுபோட்டு, பசை மாதிரி இருக்கிற விதையைக் கொப்பில தேய்ச்சு விடும். அது மாவின்ர மரத்துக்குள்ளயே வேரை விடும். கையால முறிச்சு எறிஞ்சா திரும்ப முளைக்கும். ஒட்டின இடத்துக்கு ஒரு அடி உள்ளுக்க வைச்சுக் கொப்போட எடுக்கோணும். கறுத்தக்கொழும்பான் மா வைச்சிருக்கிற ஆக்கள் குருவிச்சை பூக்க முன்னம் எடுத்துப் போடுங்கோ.

இன்னொண்டும் சொல்லோணும், எங்கட மண்ணுக்கே உரிய கரைச்சல். இரும்பு. சண்டைக் காலத்து ஷெல் துண்டும் சன்னமும் மரத்துக்குள்ள கிடக்கு. நாவற்குழிப் பக்கம் ஒரு வேம்பு தறிக்கேக்குள்ள வாளில பொறி பறந்தது. நிப்பாட்டிக் கோடாலியால பிளந்து பாத்தா, நாலு விரல் ஆழத்தில கைவிரல் அளவு துண்டு. அதைச் சுத்தி மரம் நீலக்கறுப்பாக் கறைபட்டு, அதுக்கு மேல வடிவா மூடி வளந்திருந்தது. மரம் அரியிற மரக்காலைக்கு மரம் கொண்டுபோனா "எந்தப் பக்கத்து மரம்" எண்டுதான் முதல் கேக்கிறது. அவையின்ர மரம் அரியிற வாள் பழுதாப் போனா ஒரு நாள் உழைப்புப் போகும். நான் ஒரு சின்ன இரும்பு தேடுற கருவி வாங்கி வைச்சிருக்கிறன். பங்கருக்கெண்டு தறிச்ச பனையள் போக மிஞ்சி நிண்ட மரங்கள் இப்பிடித்தான் நிக்குது. அந்தத் துண்டுகளை நான் எறியிறேல்லை, ஒரு ரின்னுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறன்.


குழந்தையன் | ஒக்டோபர் 13

எங்கட காணியில ஒரு பலாவும் நாலைஞ்சு பனையும் நிக்குது. சொந்தக் காணி மரம்தானே, அனுமதி வேணுமோ?


கொப்புக்காரன் | ஒக்டோபர் 13

வேணும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூண்டும் 1951ஆம் ஆண்டு மரந்தறிப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள்ள வரும். கிராம சேவையாளரைக் கண்டு, பிரதேச செயலகத்தால அனுமதி எடுங்கோ. மரத்தை ஏத்திக்கொண்டு போறதுக்கும் கடிதம் பாப்பினம். கடிதம் இல்லாமல் நான் வாளை எடுக்க மாட்டன். மின்கம்பி பக்கத்தில நிண்டா மின்சார சபைக்கு அறிவிச்சு லைனை நிப்பாட்டோணும். 33,000 வோல்ட் லைன் தொட்டாத்தான் அடிக்கும் எண்டில்லை, பச்சைக் கொப்பு கிட்டப் போனாலே பாயும்.


வாடைக்காத்து (வல்வெட்டித்துறை) | ஒக்டோபர் 14

அண்ணை, தலைப்பில விண் பட்டம் எண்டு போட்டிட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை. அதை நம்பித்தான் உள்ளுக்க வந்தனான்!


கொப்புக்காரன் | ஒக்டோபர் 15

தம்பி, வல்வெட்டித்துறை ஆளுக்குப் பட்டத்தைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல. தைப்பொங்கல் அண்டு உங்கட கடற்கரையில ஏறுற பட்டங்களைப் பாக்க நான் ஒவ்வொரு வருசமும் வாறனான். எழுத விருப்பம்தான், எழுதுறன்.

மாரியில எங்களுக்கு வேலை குறைவு. வாடை தொடங்கி, மழை கொஞ்சம் விட்டுக் குடுக்கிற மார்கழி, தையில கை சும்மா இருக்காது. நான் எட்டுமூலைப் பட்டமும் கொக்குப் பட்டமும் கட்டுவன். எனக்குப் பட்டத்தை விட விண்ணிலதான் பைத்தியம். தெரியாத ஆக்களுக்கு: விண் எண்டுறது பட்டத்தின்ர தலையில பூட்டுற வில். வில்லின்ர ரண்டு நுனிக்கும் நடுவில ஒரு நாரை இறுக்கிக் கட்டினா, காத்து அந்த நாரில பட்டுப் பட்டுக் கூவும்.

இப்ப எல்லாரும் பார்சல் கட்டுற நாடாதான் கட்டுகினம். சுகமான வேலை, சத்தமும் பெரிசு. நான் இன்னும் பனை நார்தான். பனையில ஓலை வெட்டப் போற இடத்தில நல்ல மட்டையாப் பாத்து எடுத்து வருவன். முத்தலும் கூடாது, இளசும் கூடாது. உள் நாரை உரிச்சு, நிழலில வாட்டி, முதல் கத்தியால, பிறகு கண்ணாடித் துண்டால சுரண்டிச் சுரண்டி ஒரே தடிப்பாக்கோணும். வெளிச்சத்துக்கு நேர பிடிச்சா ஒரு இடமும் கறுப்பாத் தெரியக் கூடாது. ஒரு நார் சரிவர எனக்கு ரண்டு பின்னேரம் வேணும். கூட இழுத்தா அறும், இளகினா பேசாது. அகலமான நார் அடித்தொண்டையில முனகும், ஒடுக்கமானது கீச்சிடும். வில்லுக்குக் கமுகஞ் சிலாகை. தோப்பில கமுகு சரிக்கிற வேலை வந்தா கூலியில ஒரு பகுதிக்கு வைரம் ஏறின துண்டைக் கேட்டு வாங்குவன்.

பின்னேரம் பட்டத்தின்ர முச்சைக் கயித்தைச் சரிபாத்து ஏத்தி, காத்து நிலைச்சாப் பிறகு கயித்தைப் பனையில கட்டி விட்டிட்டு வீட்டுக்கு வந்திடுவன். சாமம் முழுக்க அது மேல நிண்டு கூவும். காத்து உரத்தா குரல் ஏறும், தணிஞ்சா இறங்கும். பாயில கிடந்து கேட்டா, எந்தப் பக்கத்தால காத்து திரும்புது, விடிய மழை வருமோ எண்டு எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில வாற நித்திரை வேறெதிலயும் வாறேல்லை. சண்டைக் காலத்தில எத்தினையோ வருசம் இரவு வானத்தில வேற சத்தம்தான் கேட்டது. இப்ப என்ர மகள் "அப்பா, பட்டம் பாடுது" எண்டு சொல்லிப்போட்டு நித்திரையாப் போறா.

பட்டம் ஏத்துற எல்லாரையும் ஒண்டு கேக்கிறன். தங்கூசி எண்ட நைலோன் நூலை மரத்தில விட்டிட்டுப் போகாதேங்கோ. பொங்கல் முடிஞ்ச கிழமை நான் காசு வாங்காமல் செய்யிற வேலை ஒண்டு இருக்கு: புளியிலயும் மருதிலயும் சிக்கின தங்கூசியை எடுக்கிறது. பழந்தின்னி வௌவால் செட்டை சிக்கித் தலைகீழாத் தொங்கிக்கொண்டு, உயிரோட கிடக்கும். போன தையில ஒரே புளியில மூண்டை இறக்கினன். ஒண்டுதான் பறந்தது. பருத்தி நூல் எண்டா மழைக்கு உக்கிப் போகும், தங்கூசி வருசக்கணக்காக் கிடக்கும்.


வாடைக்காத்து | ஒக்டோபர் 15

இந்த வருசம் எங்கட பெடியளுக்குத் தங்கூசி வேண்டாம் எண்டு நான் சொல்லுறன் அண்ணை. பொங்கலுக்கு வாங்கோ, அந்தப் பனை நார் விண்ணைக் கொண்டு வாங்கோ, ஒருக்காக் கேக்கோணும்.


ஒரு தாய் | ஒக்டோபர் 18

என்ர மகனுக்கு 20 வயது. மரம் ஏறுறதில விண்ணன். இந்தத் தொழிலுக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு. உண்மையைச் சொல்லுங்கோ தம்பி, விடலாமோ?


கொப்புக்காரன் | ஒக்டோபர் 18

அம்மா, உண்மையையே சொல்லுறன். 2011 ஆவணியில நான் விழுந்தனான். ஒரு வேம்பில, 14 அடி உயரம். இடுப்புக் கயித்தை ஒரு கொப்பில கட்டினன். பாக்கப் பச்சை, உள்ளுக்க கோறை. தட்டிப் பாக்கேல்லை. அண்டைக்கு மூண்டாவது மரம், களைப்பு, வீட்டுக்காரர் கீழ நிண்டு அவசரப்படுத்தினவர். கொப்போட சேர்ந்து வந்தனான். காறை எலும்பும் ரண்டு விலா எலும்பும் முறிஞ்சு, நாலு மாசம் வேலை இல்லை. அந்த வீட்டுக்காரர் ஆசுப்பத்திரிக்கு வந்து பாக்கேல்லை. செய்த வேலைக்குக் காசும் தரேல்லை, "விறகைத்தானே கொண்டு போனனீங்கள்" எண்டு சொன்னவர். விறகு கூலி ஆகாது எண்டதை இண்டைக்கும் எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்த ஏலாமல் கிடக்கு. விறகை வெட்டி ஏத்தி இறக்கிற செலவே அதுக்குக் காணாது.

அதுக்குப் பிறகு ரண்டு கயிறு இல்லாமல் நான் மெசினை முடுக்கினதில்லை. ஒண்டு அறுந்தாலும் வெட்டுப்பட்டாலும் மற்றது பிடிக்கும். தலைக்கவசம், கண்ணாடி, வாள் பட்டாலும் நார் சிக்கிச் சங்கிலியை நிப்பாட்டுற காற்சட்டை, எல்லாம் வாங்கினன். காற்சட்டை லண்டனில இருந்து மச்சான் அனுப்பினவர். வெக்கைக்கு அது நரகம், ஆனா கழட்ட மாட்டன். வாளின்ர மூக்கு மேல்பக்கம் எதிலயும் முட்டக் கூடாது, முட்டினா ஆளின்ர முகத்துக்கு எகிறும். இதை மகன் முதல் நாளே படிக்கோணும்.

விண்ணனா ஏறுறது மட்டும் காணாது. மரத்தைக் கீழ நிண்டு அரைமணித்தியாலம் பாக்கிற பொறுமை இருக்கோ? "இண்டைக்கு ஏற மாட்டன்" எண்டு காசுக்காரருக்கு முன்னால சொல்லுவானோ? முருங்கை, மலைவேம்பு எண்டா எப்பிடி முறியும், புளி எப்பிடி வளைஞ்சு குடுக்கும் எண்டு தெரியுமோ? ரண்டு வருசம் கீழ நிண்டு கயிறு விடட்டும். நான் கூப்பிட்டு வைச்சிருக்கத் தயார். நாட்கூலி குடுப்பன். முதல் வருசம் மெசின் குடுக்க மாட்டன்.


லண்டன் தம்பி | ஒக்டோபர் 18

அம்மா, அண்ணை சொன்னதோட ஒண்டு. 1931இல கார்ல் ப்ரூசிக் எண்ட ஒஸ்ரியா மலையேறி பழக்கத்துக்குக் கொண்டுவந்த முடிச்சு ஒண்டு இருக்கு. சின்னக் கயித்தைப் பெரிய கயித்தில சுத்திப் போடுறது. கையால தள்ளினா மேல போகும், ஆள் தொங்கினா இறுகிப் பிடிக்கும். மகன் அதை நித்திரையிலயும் கட்டோணும். அண்ணை, என்னட்டப் பாவிக்காத இடுப்புப் பட்டி ஒண்டு கிடக்கு, திகதி முடியேல்லை. வாற ஆளிட்டக் குடுத்து விடுறன், அந்தப் பெடியனுக்குக் குடுங்கோ.


ஒரு தாய் | ஒக்டோபர் 19

வாசிச்சுக் காட்டினன். "கீழ நிக்கிறன்" எண்டு சொல்லிப் போட்டான். திங்கட்கிழமை கோப்பாய்க்கு அனுப்பிறன்.


மானிப்பாய் அக்கா | டிசம்பர் 21

எல்லாருக்கும் வணக்கம். தம்பி வந்து பாத்து, பட்ட கொப்பு மூண்டையும் வீட்டுக்கு மேல நிண்ட ஒரு நீட்டுக் கொப்பையும் எடுத்தவர். அந்தத் திங்கட்கிழமைப் பெடியன்தான் கீழ நிண்டு கயிறு விட்டவன். கல்லைக் கிளப்பினம், பாதி வளவு. கார்த்திகைக் கடைசி மழை முழுக்க அந்த மண்ணுக்குள்ளயே போனது. முந்தி எல்லாம் வாசல்படி வரைக்கும் தண்ணி ஏறும்.

அண்ணா நேற்று வந்தவர். படலையைத் திறந்த உடன மரத்தைப் பாத்துக் கோவம்தான் வந்தது. பிறகு பின்னேரம் அம்மாவின்ர கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அதுக்குக் கீழ போட்டவர். ஒண்டும் சொல்லேல்லை. இரவு வானத்தில ஏதோ கூவுது, என்ன எண்டு கேட்டவர். விண் எண்டு சொன்னன். 30 வருசத்துக்குப் பிறகு கேக்கிறாராம்.

தம்பி, மரம் தப்புமோ?


கொப்புக்காரன் | டிசம்பர் 21

அக்கா, இப்ப சொல்ல ஏலாது. மாசி, பங்குனியில வேம்பு இலையைக் கொட்டிப் புதுத்தளிர் விடும். அப்ப உச்சியைப் பாருங்கோ. தளிர் நுனி வரைக்கும் வந்தா வேர் பிடிச்சிட்டுது. உச்சியில மூண்டு நாலு அடி வெறுங்கொப்பா நிண்டா, அந்தப் பட்ட பகுதியை மட்டும் இன்னொருக்கா எடுத்து இன்னொரு மாரி பொறுப்பம். கோடையில கிழமைக்கு ஒருக்கா, கொப்பு முடியிற வட்டத்தில ஆறுதலாத் தண்ணி விடுங்கோ, அடிமரத்தில ஊத்தாதேங்கோ. அண்ணாவை அந்த மண்ணுக்கு மேல கார் ஏத்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.


மானிப்பாய் அக்கா | மார்ச் 17

வடக்குப் பக்கம் நுனி வரைக்கும் செந்தளிர். தெற்குப் பக்கம் உச்சியில ஒரு கொப்பு வெறுமையா நிக்குது. அதுக்கு எப்ப வாறியள்?


கொப்புக்காரன் | மார்ச் 17

வியாழக்கிழமை காலமை ஏழு மணிக்கு. பெடியனையும் கூட்டி வாறன், இந்த முறை அவன் ஏறட்டும், கைவாளோட. நான் கீழ நிக்கிறன்.